ஷென்கெங் தெருவில் இவருடைய திதி

2 நவம்பர் 2025, ஞாயிறு

கால் வீங்கிவிட்டது. முதியோர் இல்லத்தில் இன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அவர்களுடைய பங்கையும் நானும் றோஸ்மலரும்தான் இழுத்து முடித்தோம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவும் மனமில்லாமல் அரை மணித்தியாலம் கதிரையில் இருந்தேன். ஐம்பத்தொன்பது வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு வருடம்.

தாய்வானில் இருக்கிற மகன் ஜதுசன் போன் எடுத்தான். தாய்வானுக்கு எனக்கு டிக்கெட் போட்டுவிட்டானாம். பதினேழாம் தேதி புறப்பட வேண்டும். மார்ச் மாதம் அவன் அந்தத் தாய்வான் பிள்ளையை, யா-திங்கை, கலியாணம் செய்யப் போகிறான். அதற்கு முன் நான் வந்து அவளுடைய தாய் தகப்பனைப் பார்க்க வேண்டுமாம். "ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் ஓகே." சம்மதமா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன். லண்டனுக்குத் திரும்பி வா. நான் தனியாக இருக்கிறேன். இரண்டே வசனம். அதைச் சொல்லத்தான் போகிறேன்.

7 நவம்பர், வெள்ளி

குரோய்டனில் இருந்து டிராமில் விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன். இவருடைய திதி எப்போது என்று பார்க்க வேண்டும். கார்த்திகை வளர்பிறைத் துதியை. இவர் செத்து இந்த முறை மூன்றாவது வருடம். குருக்களிடம் கேட்போம் என்றால் அர்ச்சனைக்குப் பெரிய வரிசை. நின்று பார்த்தேன், ஏலாமல் போய்விட்டது. சுவரில் மாட்டியிருந்த கோயில் நாட்காட்டியைப் பார்த்து 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று நான் தாய்வானில் இருப்பேன். ஜதுசனும் பக்கத்தில் இருப்பான். நல்லதுதான்.

12 நவம்பர், புதன்

றோஸ்மலர் கட்டில் விரிப்பை உதறிக்கொண்டே சொன்னாள்: "எந்த நாட்டுப் பெட்டையா இருந்தால் என்னடி கலாவதி, உனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தர ஆள் வேணுமெல்லே." அந்தப் பிள்ளை பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அங்காலிருந்து எப்படிப் போட்டுத் தருவாள் என்று கேட்டேன். அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

17 நவம்பர், திங்கள்

பெட்டிக்குள் அரிசிமா, மிளகாய்த்தூள், பருப்பு, இவருடைய படம். மாத்திரையை மறந்துவிட்டு மறுபடி மேலே ஏறினேன்.

19 நவம்பர், புதன். தைப்பே

எட்டாம் மாடியில் இவனுடைய வீடு. சின்னதென்றாலும் துப்புரவாக வைத்திருக்கிறான். மெலிந்துவிட்டான் என்று சொன்னேன். அதை நான் எப்போதும் சொல்வதாகச் சொல்கிறான்.

யா-திங் வந்து கதவடியிலேயே செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, "அன்ரி, சுகமா?" என்று தமிழில் கேட்டாள். நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறான். நானும் "ஓம்" என்றேன். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை.

அவள் போன பிறகு அவன் சொன்னான்: "வெள்ளிக்கிழமை மத்தியானம் யா-திங்கின்ர அப்பா அம்மான்ர கடையில சாப்பாடு அம்மா. ஷென்கெங் எண்டு ஒரு பழைய தெரு. முழுக்க டோஃபுக் கடையள், சோயாவில செய்யிற கட்டி. சனி ஞாயிறு சனம் கூட, அதுதான் வெள்ளி. உங்களுக்கெண்டு மரக்கறியிலயே சமைக்கினம்."

வெள்ளி. நான் அவனுடைய முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. தகப்பனுடைய திதி என்று அவனாக நினைத்துச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

20 நவம்பர், வியாழன்

அவனுக்கு இன்னும் நினைவு வரவில்லை.

21 நவம்பர், வெள்ளி

அவன் விடிய வேலைக்குப் போய்விட்டான். நான் தலைக்குக் குளித்து, சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்து, இவருடைய படத்துக்கு முன்னால் படைத்தேன். காகத்துக்கென்று பல்கனியில் ஒரு பிடி சோறு வைத்தேன். காகம் வரவில்லை. தலை வெள்ளையாக ஒரு சின்னக் குருவி வந்து நாலு பருக்கை கொத்திவிட்டுப் போனது. வந்தவரைக்கும் சரி. பிறகு படைத்ததையே ஒரு நேரச் சாப்பாடாகச் சாப்பிட்டேன். திதி நாளில் வேறு வீட்டுச் சமையலைத் தொடுகிறதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பதினொரு மணிக்கு ஜதுசன் வந்து கூட்டிக்கொண்டு போனான். பஸ் மலைப்பக்கமாகப் போய் இறக்கிவிட்டது. தெரு வாசலில் பெரிய ஆலமரம். உள்ளே இரண்டு பக்கமும் செங்கல் வளைவு வைத்த பழைய வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் கடை. தணலில் வாட்டின டோஃபு, குழம்பில் கொதிக்கிற டோஃபு, டோஃபுவில் ஐஸ்கிரீம்கூட. ஒரு கடையடியில் தாங்க ஏலாத நாற்றம், மூக்கைப் பொத்தினேன். புளிக்க வைத்த டோஃபுவாம், அதற்குத்தான் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றான் இவன்.

அவர்களுடைய கடை பூட்டியிருந்தது. எனக்காகவே பூட்டினார்களாம். தகப்பன் எழும்பி நின்று குனிந்தார். தாய்க்கு என் வயதிருக்கும். கட்டையான ஆள், கையெல்லாம் நீரில் ஊறி வெளுத்திருந்தது. மேசையில் ஒன்பது தட்டுகள். வெங்காயம், உள்ளி ஒன்றும் போடவில்லை, இறைச்சி பட்ட சட்டியில் சமைக்கவில்லை என்று யா-திங் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். எனக்கென்று இரண்டு சட்டி புதிதாக வாங்கியிருக்கிறார்கள். ஒன்றின் அடியில் விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

நான் கை வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். தாய் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டு என் பக்கம் தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன். மூன்று தரம். நாலாவது தரம் அவள் தள்ளவில்லை. தட்டுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்ப வர நேரமெடுத்தது.

பஸ்ஸில் ஜதுசன் என் பக்கம் திரும்பினான். "அந்த மனிசி நாலு மணிக்கு எழும்பினவ அம்மா. பிடிக்கேல்லை எண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாம். அவையை ஏன் அவமானப்படுத்துறியள்?"

"இண்டைக்கு உன்ர அப்பான்ர திதி," என்றேன். "உனக்கு நினைவே இல்லை."

அவன் போனில் நாட்காட்டியைத் திறந்து காட்டினான். பிறகு சொன்னான்: "அப்பா செத்தது இருபத்தஞ்சாம் தேதி. செவ்வாய்க்கிழமைக்கு லீவு எடுத்து வச்சிருக்கிறன். ஒவ்வொரு வருசமும் எடுக்கிறனான். எனக்கு அந்தத் தேதிதான் தெரியும். திதி ஒவ்வொரு வருசமும் மாறும், அதை நீங்கள்தானே சொல்லுவியள். ஏன் சொல்லேல்லை?"

ஏன் சொல்லேல்லை? சோதிச்சுப் பாத்தனான். பெத்த பிள்ளையை, பரீட்சை வச்சுப் பாத்தனான். அதுக்கு அந்த மனிசின்ர ஒன்பது தட்டும் வீண். வெக்கமாக் கிடக்கு.

22 நவம்பர், சனி

விடிய யா-திங் போன் எடுத்தாள். நேற்றைய விஷயத்தை இவன் சொல்லியிருக்கிறான். தாய் ஒன்றுதான் கேட்டாளாம்: உன் தகப்பனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? இவன் என்னைப் பார்க்காமலே, "பன்றி இறைச்சி. பியர்," என்றான்.

"டேய்!"

"பொய்யே அம்மா?"

பொய்யில்லை. வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். வெளியில் சாப்பிட்டுவிட்டு வாயில் மின்ற் போட்டுக்கொண்டு வருவார். எனக்குத் தெரியாது என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மறுபடி ஷென்கெங் போனோம், தெருவில் இன்று நடக்க இடமில்லை. இப்படிப்பட்ட சனத்திலும் யா-திங்கின் தாய் அடுப்பை மகளிடம் விட்டுவிட்டு என்னை மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் நோக நோக ஏறினேன். அங்கே அவளுடைய மாமன் மாமிக்குப் படையல் வைக்கிற மேடை. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சோறு, பன்றி இறைச்சி போட்ட டோஃபுக் குழம்பு, ஒரு பியர். இவருடைய படம் ஜதுசனுடைய போனில், ஒரு தகர டப்பாவில் சாய்த்து வைத்திருந்தது. போன் திரை இருளும்போதெல்லாம் அவள் விரலால் தொட்டு வெளிச்சமாக்கினாள். இருண்டது. தொட்டாள். இவரை மறைந்துபோக விடவில்லை.

ஒரு நாள் பிந்திவிட்டதே என்று நினைத்தேன். அதோடு திதிக்கு இறைச்சியா என்றும். ஆனால் இவர் செத்து எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு மைத்துனர் விஸ்கி ஊற்றி வைக்கும்போது நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஊதுவத்தியை அவள் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

பாதி எரிந்ததும் இரண்டு காசைக் கையில் குலுக்கித் தரையில் போட்டாள். சாப்பிட்டு முடிந்ததா என்று செத்தவர்களைக் கேட்கிற முறையாம். ஒன்று தலையும் ஒன்று பூவும் விழுந்தால் முடிந்தது. இரண்டும் தலை. இன்னும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். இரண்டும் பூ. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள், ஜதுசன் மொழிபெயர்த்தான்: "ஆள் ஆறுதலாச் சாப்பிடுறார் எண்டுறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு மணித்தியாலம் எடுப்பார். அதுக்காக எத்தனை நாள் கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்தாள். ஐந்தாவது தரம்தான் காசு சரியாக விழுந்தது.

கீழே வந்து படைத்த குழம்பையே சாப்பிட்டேன். இறைச்சியை ஒதுக்கினேன், டோஃபுவை ஒதுக்கவில்லை. இரண்டு கிண்ணம். மூன்றாவதை அவள் தள்ளினாள், நான் திருப்பித் தள்ளவில்லை.

25 நவம்பர், செவ்வாய்

ஜதுசன் லீவு. விளக்குக் கொளுத்தினான். தேவாரத்தில் இரண்டு வரி மறந்துவிட்டான், நான் எடுத்துக் கொடுத்தேன். பின்னேரம் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தான். சம்மதமா என்று கேட்பான் என்று பார்த்தேன், கேட்கவில்லை. என்னுடைய இரண்டு வசனமும் வாய்க்குள்ளேயே இருந்தன.

28 நவம்பர், வெள்ளி

லோங் ஷிப்ட். வீட்டுக்குள் வந்தால் குளிர். நானே தேத்தண்ணீர் போட்டேன்.

5 டிசம்பர், வெள்ளி

மனம் அரித்துக்கொண்டிருந்தது. கோயிலில் கூட்டம் குறையும்வரை நின்று குருக்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை முறையாகச் செய்தேன், ஆனால் அடுத்த நாள் இறைச்சிச் சட்டியில் சாப்பிட்டுவிட்டேன், திதி செய்த பலன் போய்விடுமா?

குருக்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "எங்கை செய்தனீங்கள்? தாய்வானிலயோ? சுவரில இருக்கிற நாட்காட்டி லண்டன் நேரத்துக்குக் கணிச்சதெல்லே அம்மா. அங்கை எட்டு மணித்தியாலம் முன்னுக்கு. திதிக்கு மத்தியான நேரம்தான் கணக்கு, வெள்ளி மத்தியானம் அங்கை துதியை தொடங்கவே இல்லை. சனிக்கிழமைதான் திதி."

"சனிக்கிழமையோ, ஐயா?"

"ஓம். சனி மத்தியானம்."

இறைச்சியைப் பற்றிக் கேட்டேன். "அதை என்னட்டைக் கேளாதேங்கோ," என்று போய்விட்டார்.

டிராமில் இருக்கை கிடைத்தும் இருக்கவில்லை. நான் முழுகிக் குளித்துப் பூசணிக்காய் வைத்த அன்று திதியே இல்லை. எந்தப் பஞ்சாங்கமும் தெரியாத அந்த மனிசி, என்மேல் கோபப்பட நியாயம் இருந்த மனிசி, சரியான நாளில், சரியான நேரத்தில், இவருக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறாள். மூன்று வருடத்தில் இவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் என்று தோன்றியது. என்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. களைப்பு மட்டும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

7 டிசம்பர், ஞாயிறு

ஜதுசனுக்குச் சொன்னேன். அவன் யா-திங்குக்குச் சொல்லி, அவள் தாய்க்குச் சொல்லி, பதில் திரும்பி வர ஒரு மணித்தியாலம். தாய் கேட்டது என் முழங்கால் இப்போது எப்படி என்றுதான்.

12 டிசம்பர், வெள்ளி

மார்கழி பிறக்க முதல் கேட்டுவிட வேண்டும் என்று வேலையிலிருந்து நேரத்தோடு கிளம்பி விம்பிள்டன் போனேன். றோஸ்மலர் என் கடைசி இரண்டு மணித்தியாலத்தையும் பார்த்துக்கொண்டாள். ஜதுசனுடைய சாதகத்தையும் யா-திங் பிறந்த தேதியையும் குருக்களிடம் கொடுத்து, மார்ச் மாதத்தில் ஒரு நல்ல நாள் வேண்டும் என்றேன்.

"கலியாணம் இஞ்சை கோயிலிலயோ அம்மா?"

"இல்லை ஐயா. பொம்பிளை வீட்டிலை. அங்கத்தைய நேரத்துக்குப் பாருங்கோ."