மதிலுக்கு நீ பூசிய நிறம்

இன்று காலை அச்சகத்திலிருந்து மாதிரித் தாள்கள் வந்தன. உறையைப் பிரித்ததும் மை மணம் எழும்பியது. உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

பதினொரு வருடங்கள் சிறுவர் இதழின் படக்கதைக்கு அச்சுவேலியிலிருந்து நான் கோடு வரைந்தேன். நெல்லியடியில் உன் வீட்டுக் கணினியில் நீ நிறம் பூசினாய். எட்டுப் பக்கத்துக்கு உனக்கு இரண்டு கிழமை வேண்டும். ஒருமுறை மூன்றே நாளில் அனுப்பினாய். கதையில் வரும் பிள்ளைகளின் முகமெல்லாம் நம் ஊரில் காணாத வெளிறிய ரோஸ் நிறம். கோட்டுப் படத்தைக் கொடுத்தால் தானாகவே நிறம் நிரப்பும் செயலிகள் வந்திருந்த நேரம் அது.

“உண்மையைச் சொல்லு. உந்த நிறமெல்லாம் நீதானோ பூசினனி?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“நான்தான். வேறை ஆர்?” என்றாய். ஆனால் அதற்கு முன் சற்றுத் தயங்கினாய். அந்தத் தயக்கத்தை நான் விடவில்லை.

அடுத்த கதையில் உனக்குப் பொறி வைத்தேன். ஒரு கோயில் மதிலை வரைந்து, நெடுங்கோடுகளை மட்டும் போட்டு விட்டேன். சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வர வேண்டுமென்று நம் ஊர் ஆளுக்குத் தெரியும், செயலிக்கு எப்படித் தெரியும்?

மதில் பிழையில்லாமல் வந்தது. எனக்கு ஆறவில்லை. அதை மட்டும் கையால் திருத்தியிருப்பாய் என்று நினைத்தேன். பூசகரின் வேட்டிக்கரை, மாட்டின் கொம்பு என்று பெருப்பித்துப் பெருப்பித்துக் குற்றம் தேடினேன். கடைசியில் மறுபடியும் கேட்டேன்.

“என்னிலை நம்பிக்கை இல்லாட்டி வேறை ஆளைப் பார்” என்றாய்.

பார்த்தேன். கோப்பாயில் ஒருத்தி கிடைத்தாள். அதன் பிறகு நாம் கதைக்கவேயில்லை.

நீ செத்து முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டியன்று, உன் கணவர் என்னை அந்தக் கணினிக்கு முன்னால் இருத்தினார். “சீனி வருத்தம் அவவின்ரை கண்ணிலை அடிச்சிட்டுது. நிறம் பிரிஞ்சு தெரியேல்லை. ஓம், செயலியாலைதான் செய்தவ. நீங்கள் கேட்டாப் பிறகு ஒவ்வொரு இடமாத் தொட்டுக் காட்டி, இது என்ன நிறம் எண்டு என்னட்டைக் கேட்டுத் திருத்துவா. அந்த மதிலுக்கு மட்டும் ரெண்டு நாள். நான் சொன்னதை நம்பாமல் பக்கத்து வீட்டு ஆக்களையும் கூப்பிட்டுக் கேட்டவ.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“தெரிஞ்சால் பாவம் பாத்து வேலை தருவாள் எண்டவ.”

நான் சந்தேகப்பட்டது சரிதான். அது சரியாகப் போனதுதான் இன்னும் என்னை அரிக்கிறது.

செயலியை இப்போதும் நான் நம்புவதில்லை. இன்றைய தாளில் கடல் ஒரே நீலமாகக் கிடக்கிறது; நம் கரைகளில் அப்படியொரு நீலம் கிடையாது. கோப்பாய்க்காரிக்கு அழைப்பெடுத்தேன். இது யார் செய்த வேலை என்று கேட்க வாயெடுத்தவள், அதை விழுங்கிவிட்டு, “சுகமா இருக்கிறீரோ? கண்ணிலை ஏதும் கரைச்சலோ?” என்றேன்.

“ஏன் அக்கா உப்பிடிக் கேக்கிறியள்?” என்றாள். குரலில் சந்தேகம் தெரிந்தது.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது அது என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?