ஏழு எண்ணாமல் போன மச்சாளுக்கு

என் அன்பான, என் உயிரை வாங்கிய பவளம் மச்சாளுக்கு,

அன்பான என்று எழுதியது வழக்கத்துக்காக. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. புருசனின் அக்கா என்பதற்காகப் பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனியும் ஏலாது.

விடிய ஐந்தரைக்கு பாப்பாமோட்டைப் பொதுநோக்கு மண்டபத்தில் எங்கள் பன்னிரண்டு பேரையும் மூச்சுப் பயிற்சிக்குப் பாயில் இருத்தி, "நாலுக்கு இழு, எட்டுக்கு அடக்கு, எட்டுக்கு விடு" என்று எண்ணுவீர்கள். கண் திறந்தால் ஏச்சு விழும். எனக்கு ஆறிலேயே மூச்சுப் பிய்த்துக்கொண்டு போய்விடும். உடனே எல்லாருக்கும் கேட்கச் சொல்வீர்கள்: "என்ர தம்பி கட்டினது ஓட்டை டியூப். காத்து நிக்காது." அவளவை கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பாளவை. நான் வீட்டுக்கு வந்து ஆத்திரத்தைச் சட்டி பானையில் காட்டுவேன்.

போன வருடத்திலிருந்து உங்கள் எண்ணிக்கை இழுபட்டுக்கொண்டே போனது. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் ஒரு வயலை உழுதுவிடலாம். என்னை அவமானப்படுத்தத்தான் இந்த மனுசி இப்படி இழுக்கிறா என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒரு வீம்போடுதான் வந்து இருந்தேன். செத்தாலும் எட்டு வரை விடுவதில்லை என்று. நீங்கள் ஆறு என்றீர்கள். ஏழு வரவில்லை. பக்கத்தில் ஒருத்தி மூச்சை விட்டது கேட்டது. நான் விடவில்லை. உங்களை வென்றுவிட்டேன் என்ற நினைப்பில் கண்ணை இறுக்கிக்கொண்டு இருந்தேன். சரசு அக்கா, "ஐயோ, பவளம்!" என்று குழறியபோதுதான் திறந்தேன். நீங்கள் சுவரில் சரிந்து கிடந்தீர்கள். வேறெந்த நாளாக இருந்தாலும் ஆறிலேயே மூச்சை விட்டு, முதலில் கண் திறந்திருக்கக்கூடியவள் நான்தானே, மச்சாள்?

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு சரசு அக்கா வந்தா. "தயா, நீ எண்ணு. வகுப்பை விடேலாது."

"நானோ? உங்களுக்கு விசரோ?" என்றேன். ஆனாலும் போனேன்.

உங்கள் இடத்தில் இருந்து, உங்களைப் போலவே எண்ணிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. சத்தமாக எண்ணுகிறவளால் மூச்சை அடக்க ஏலாது. எங்களை அடக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு நாளும் அடக்கவில்லை. எண்ணுக்கு எண் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். அதுதான் அந்த இழுவை. எங்கள் கண்ணை ஏன் மூட வைத்தீர்கள் என்றும் விளங்கியது.

வீட்டுக்கு வந்து உங்கள் அலுமாரியைத் திறந்தேன். சேலைக்கு அடியில் கிளினிக் கொப்பி. இதயம் பலவீனம் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தவணைக்கும் நீங்கள் போகவில்லை.

நீங்களும் ஓட்டை டியூப்தான், கள்ளி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? சிரித்திருப்பேன். நல்லாய்ச் சிரித்துவிட்டு, கையைப் பிடித்து மன்னாருக்கு பஸ் ஏற்றியிருப்பேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்தா போனீர்கள்?

உங்களை மன்னிக்க நான் தயாரில்லை. ஆனால் வகுப்பை விடமாட்டேன், இது சத்தியம். இனி எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டுதான் இருப்போம். ஆறோடு நிறுத்துவேன். அந்த மண்டபத்தில் ஏழு என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி கட்டிய ஓட்டை டியூப்,
தயா