எந்த மாவு?

அண்ணி, நேற்று ஓசூரில் ஒரு மின்சாமான் கடையில் நின்றிருந்தேன். பக்கத்து ரிப்பேர் கடையில் யாருடைய மிக்சியோ எரிந்துபோய், மோட்டார் கருகுகிற வாசனை வந்தது. என் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மேல்தான். போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

மருமகளும் உங்களைப் போலத்தான். வீட்டிலேயே ரொட்டியும் பன்னும் மும்முரமாகச் சுடுகிறாள். அவளுக்கு மாவு பிசைகிற மெஷின் வாங்கத்தான் போயிருந்தோம்.

ஐம்பதுகளில் நீங்கள் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு பெங்களூரிலிருந்து வந்தீர்கள். உங்கள் அப்பா பேக்கரியில் வேலை பார்த்தவர். எங்கள் கொல்லையில் செங்கல் அடுப்பு கட்டச் சொல்லி, விடியும்போதே மரத்தொட்டியில் மைதாவைக் கொட்டிப் பிசைய உட்கார்ந்துவிடுவீர்கள். அந்தப் பன்னெல்லாம் தகர டப்பாவில் பஸ் ஏறி, லாரிகள் நிற்கிற ஜூஜுவாடி டீக்கடைகளுக்குப் போகும். அப்புறம் உங்கள் வலது மணிக்கட்டு வீங்கியது. இப்படியே பிசைந்தால் கரண்டி பிடிக்கக்கூட கை உதவாது என்றார் டாக்டர். நீங்கள் அழவில்லை. "அப்ப மெஷின்தான் வாங்கணும்" என்றீர்கள். எங்கள் தெருவுக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது.

நீங்கள், அண்ணன், நான், மூன்று பேரும் பெங்களூர் போனோம். பட்டாளத்துக்காரர்கள் இருந்த தண்டுப் பக்கம், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை விற்கிற கடை. அங்கே இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று பளபளவென்று வெள்ளை, கண்ணாடிக் கிண்ணத்தோடு. இன்னொன்று பெயிண்ட் உதிர்ந்த சாம்பல் நிறம். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் தலைக்கு அடியில், மாவு பிசைய, கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கியைப் பார்த்ததும் நீங்கள் நின்றுவிட்டீர்கள். அண்ணன் வெள்ளையின் முன்னால் நின்றுவிட்டார்.

மாவு கலக்குமா என்று அண்ணன் கேட்டார். பேஷாகக் கலக்கும் என்றார் கடைக்காரர். அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்: "எந்த மாவு?"

நமக்கு மில்லில் அரைத்து வருவதும் மாவு, தோசைக்கு ஊற்றுவதும் மாவு, பன்னுக்குப் பிசைவதும் மாவு. கன்னடத்திலும் எல்லாம் 'ஹிட்டு'தான். ஊற்றுகிற மாவுக்கும் இழுத்தால் வராத மாவுக்கும் ஒரே பேர் வைத்திருக்கிறோமே, மெஷினுக்கு அது தெரியுமா? நீங்கள் விடாமல் கன்னடத்திலும் கேட்டீர்கள்: "கட்டி ஹிட்டு கலசுத்தா?" கெட்டி மாவைப் பிசையுமா என்று. கேட்டது நீங்கள். அவர் பதில் சொன்னது அண்ணன் முகத்தைப் பார்த்து. எல்லாம் பிசையும் என்றவர், ஒரு கிண்ணம் க்ரீமை ஊற்றி ஓட்டிக் காட்டினார். அது பஞ்சுப் பொதி மாதிரி பொங்கிற்று. அண்ணன் அதில் விழுந்துவிட்டார். நம் வீட்டில் க்ரீமுக்கு என்ன வேலை?

"கடைக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று அண்ணன் வெள்ளையை எடுத்துக் கட்டச் சொன்னார்.

அத்திப்பள்ளி தாண்டும்போது பஸ்ஸில் என் காதோரம் கேட்டீர்கள்: "நான் கேட்டது உன் காதுல விழுந்துச்சுதான பாப்பா?" தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் கொல்லையில் வைத்துப் பன் மாவைப் போட்டதும் வெள்ளை மெஷின் முனகியது. மேடையிலேயே நகர்ந்தது. நின்றது. புகை வந்தது. இதே வாசனை. அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. அத்தனை பேர் நடுவில் அண்ணன், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார். நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் பதினைந்து வயது. பச்சைக் குழந்தை இல்லை. கடையில் நடந்ததைப் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "என் தப்புதான். மாவக் கொஞ்சம் கெட்டியாப் பெசஞ்சுட்டேன்."

பன் மாவு கெட்டியாக இல்லாமல் ரசமாகவா இருக்கும்? ஏன் அண்ணி அப்படிச் சொன்னீர்கள்? மறுநாளே பழையபடி மரத்தொட்டி. இரண்டு வருஷத்தில் விரல் மடங்கவில்லை. அணைந்துபோன பன் அடுப்புக்குள் விறகை அடுக்கி வைத்தோம். மெஷினை எரித்தவள் கதையை அண்ணன் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். நீங்கள் இடது கையில் தண்ணீர்ச் செம்பை ஏந்திக்கொண்டு கூடவே சிரித்தீர்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டதற்கு, "விடு பாப்பா, வாங்குனது வாங்கியாச்சு" என்றீர்கள். எதை விடுவது?

நேற்றும் அதே கதைதான். கடைக்காரத் தம்பி, ஆயிரம் வாட்ஸ், எல்லா மாவும் பிசையும் என்றார். கெட்டி மாவை எவ்வளவு நேரம் தாங்கும் என்று மருமகள் கேட்டாள். அவர் கூட வந்திருந்த என் மகன் பக்கம் திரும்பிப் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"கேட்டது அவ. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். காலையிலேயே பிசைந்து எடுத்துப் போயிருந்த மாவைத் தூக்குப்போசியிலிருந்து எடுத்து வைத்து, "இந்த மாவு. பத்து நிமிஷம் ஓட்டு" என்றேன். முதல் மெஷின் முனக ஆரம்பித்ததும் அவரே நிறுத்திவிட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கனமாக, அழகில்லாமல், கொக்கியோடு இருந்தது. பத்து நிமிஷமும் ஓடியது. அதன் தலையில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. அதையே எடுத்தோம்.

வருகிற வழியில் மருமகள், "உங்களுக்கு இவ்வளவு கோவம் வருமா அத்தை?" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? அது அன்றைக்கே, கொல்லையில், அண்ணன் முன்னால் வந்திருக்க வேண்டிய கோபம். நீங்கள் என்னைப் பார்த்த அந்த ஒரு தடவையில் வந்திருக்க வேண்டியது.

விழுந்துச்சு அண்ணி. நீங்கள் கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. தமிழில் கேட்டதும் கன்னடத்தில் கேட்டதும், இரண்டு தடவையும்.