சந்திரதாலில் இரண்டாவது இரவு

ஆகஸ்ட் 12. கோவில்பட்டி

காலையில் எங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். நல்ல வெயில், குச்சி சீக்கிரம் காய்ந்துவிட்டது. லேபிள்தான் கோணல். பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னேன். வேலைக்கு வரும் பெண்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். கோணல் லேபிள் என் கணவர் இருந்தபோதும் வெளியே போனதில்லை, அவர் போன பிறகும் போகவில்லை.

மத்தியானம் கிருஷ்ணகுமார் சென்னையிலிருந்து வந்தான். மகன் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் எதுவும் கேட்பதில்லை. முடித்ததும் அவனே ஆரம்பித்தான். ஜூன் மாதம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தது பற்றி. எலும்பு முறியவில்லை, இரண்டு நாள் வலி, அவ்வளவுதான்.

"பெருங்குடியில வாங்கிப் போட்ட ஃப்ளாட்டு சும்மாதாம்மா பூட்டிக் கெடக்கு. நாங்க பக்கத்து பிளாக்கு. வீட்டப் பூட்டிட்டு, ஆபீஸக் குத்தகைக்கு விட்டிருவோம். தனியா எதுக்கு இருக்குதீங்க? மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது உங்களுக்கு."

மேஜைமேல் செய்தித்தாள் கிடந்தது. அதோடு வந்த நோட்டீஸ் ஒன்று: மூத்தோருக்கான இமயமலைப் பயணம். சந்திரதால் ஏரி, பதினாலாயிரம் அடி உயரம், கூடாரத்தில் இரண்டு இரவு. அவன் முன்னால் தள்ளினேன்.

"இதுக்குப் போயி, இதுல போட்டிருக்கபடி எல்லா நாளையும் முடிச்சு, என் காலால நடந்து வாரேன். வந்துட்டா ஃப்ளாட் பேச்சே எடுக்கக் கூடாது. பாதியில திரும்பினா, நீ சொல்லுற தேதிக்குப் பெட்டி கட்டுதேன்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு தானாக நின்றது. "சரிம்மா" என்றான்.

கான்வென்ட்டில் பந்தயம் பாவம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எழுபத்தொரு வயதில் பாவம் செய்திருக்கிறேனா? இல்லை. இது வாக்கு.

ஆகஸ்ட் 16

இதய டாக்டர் போகலாம் என்றார். மூச்சு வாங்குவது வயதால் அல்லவாம், நான் படியில் ஓடுவதால். எழுதித் தரச் சொல்லி, கிருஷ்ணகுமாருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 19

சுகுணா வந்தாள். என் கணவரின் தங்கை, கழுகுமலையில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுக் கால் மணி நேரம் சிரித்தாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நீங்க மட்டும் போயி ஐஸுல உக்காந்துட்டு வருவியளா மதினி? நானும் வாரேன்."

"உன் வீட்டுக்காரர் விடுவாரா?"

"அவியளா? பத்து பன்னண்டு நாளு நிம்மதின்னு வழிக்குக் கடலமுட்டாய் வாங்கித் தருவாவ."

அறுபத்துநாலு வயது, அறிவு பதினாலு. ஆனாலும் தனியாகப் போவதைவிட மேல்.

செப்டம்பர் 10. மதுரை, சண்டிகர்

விமான நிலையத்தில் என் கைப்பையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே தீப்பெட்டி. நாற்பது வருஷமாக என் கைப்பையில் எங்கள் தீப்பெட்டி இல்லாமல் நான் வீட்டை விட்டு இறங்கியதில்லை, எடுத்து வைத்தது நினைவிலேயே இல்லை. எங்கள் பெட்டியை என் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார்கள். "லேபிளாவது நேரா இருந்துச்சே மதினி" என்றாள் சுகுணா. கைப்பையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தேன்.

செப்டம்பர் 12. மணாலி

நேற்று விடியற்காலையிலிருந்து மாலைவரை வேன். எங்களோடு ஆறு பேர், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். அழைத்துப் போகிறவர் மணிகண்டபிரபு, நம் ஊர்க்காரர்தான், நாற்பது வயதிருக்கும். நேரம் தவறுவதில்லை. அந்த ஒரு குணத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

பயணத்தில் எனக்கு ஒரு விதி உண்டு. கிளம்பும்முன் ஒரு டம்ளர் தண்ணீர், போய்ச் சேர்ந்த பின் ஒரு டம்ளர். நடுவில் உதட்டை நனைப்பதோடு சரி. எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் பழகியதுதான். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் வழியில் ஒரு கழிப்பறைக்குள்ளும் கால் வைத்ததில்லை. நேற்று ஒரு சாலையோரக் கடையில் சுகுணா இறங்கப் பார்த்தாள். நான் முதலில் போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து அவளை உட்காரச் சொன்னேன். அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் வாங்கி என் பையில் வைத்தேன்.

"நாக்கு ஒட்டுது மதினி."

"ஒட்டட்டும். இடம் வந்ததும் குடி."

"நீங்க மனுசியா, ஒட்டகமா?" என்று கேட்டுவிட்டு வேனில் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "எங்க மதினி பொறந்த ஊரு எப்போதும்வென்றான். தோக்கவே மாட்டாவ."

பந்தயக் கதையையும் சொல்லிவிட்டாள். வேன் முழுக்கக் கைதட்டியது. மனதுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

செப்டம்பர் 14. சிஸ்ஸு

மணாலியைத் தாண்டி ஒரு கிராமம், பத்தாயிரம் அடி. இங்கே இரண்டு நாள் உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போகவேண்டுமாம். சாப்பாட்டின்போது மணிகண்டபிரபு எழுந்து நின்று பேசினார்: "இங்கன தண்ணிதான் மருந்து. மேல போகப் போக உடம்பு காயும். தாகம் எடுக்காட்டாலும் குடிச்சுக்கிட்டே இருக்கணும், சொல்லிப்புட்டேன்."

மழையைப் பார்த்தே பயிர் வைக்கிற கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு உடம்பு காய்வது புதிதா? விதியை மாற்றவில்லை. இன்னும் ஒரு நாள் வேன்தானே.

எனக்குத் தலைவலிகூட இல்லை. மற்றவர்கள் மாத்திரை விழுங்குகிறார்கள்.

செப்டம்பர் 16. சந்திரதால்

சாலை என்று எதுவும் இல்லை, கல்லும் ஓடையும்தான். இருந்தும் பிற்பகலில் வந்து சேர்ந்தோம். கூடாரங்கள் வரிசையாக, கயிறுகள் ஒரே அளவில் இழுத்துக் கட்டியிருக்கின்றன. பார்த்ததும் மரியாதை வந்தது. கேம்ப் மேனேஜர் "ஆன்ட்டி" என்றார். "மேடம்" என்று திருத்தினேன். உடனே திருந்திவிட்டார்.

கழிப்பறை சற்றுத் தள்ளித் தனிக் கூடாரத்தில். சுத்தம்தான், ஆனால் இந்தக் குளிரில் இருட்டிய பிறகு யார் போவது? மாலைக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று சுகுணாவிடம் சொல்லிவிட்டேன்.

ஏரி கேம்பிலிருந்து கொஞ்ச தூரம். வண்டி ஓரிடம் வரைதான் போகும், பிறகு நடை. நான் நடந்தேன். நின்று நின்று, ஆனால் யார் கையையும் பிடிக்காமல்.

நீலம் என்று எழுதினால் போதவில்லை. கரையோரம் பச்சை, உள்ளே போகப் போக வேறொன்று, அதற்கு என்னிடம் பெயர் இல்லை. லேபிளுக்கு இந்த நிறத்தில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தால் "இப்படித் தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். சுற்றிலும் ஒரு மரம் இல்லை. காற்று நின்றதும் எதிர்மலை முழுசாகத் தண்ணீருக்குள் இறங்கியது. நான் இதைப் பார்க்கக் கிளம்பி வரவில்லை, மகனிடம் ஜெயிக்க வந்தேன். ஆனால் பார்த்துவிட்டேன்.

சுகுணா பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். மத்தியானத்திலிருந்து அவள் சிரிப்பைக் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. களைப்பாக இருக்கும்.

செப்டம்பர் 17

நன்றாகத் தூங்கினேன். இன்னும் ஒரே ஓர் இரவு. சுகுணாவை எழுப்பப் போகிறேன்.

செப்டம்பர் 18. கேலாங், மருத்துவமனை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். லேஸ் கட்டத் தெரியவில்லை. விரல் எங்கெங்கோ போகிறது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. எழுந்து நின்றதும் சாய்ந்தாள், பிடித்தேன், என் தோளிலேயே வாந்தி எடுத்தாள்.

"தலை வலிக்குதா? எப்ப இருந்து?"

"சிஸ்ஸுல இருந்தே."

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"சொன்னா கீழ போகச் சொல்லுவாவ. உங்க பந்தயம் போயிரும்லா மதினி."

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்! கூடப்பிறந்தவ மாதிரி வந்தவள…

மணிகண்டபிரபு ஓடிவந்து ஆக்ஸிஜன் அளவு காட்டும் ஒரு கருவியை அவள் விரலில் மாட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

"எனக்குத் தாகமே எடுக்கல தம்பி. நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றாள் சுகுணா. அந்த நிலையிலும்.

கூடார வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். "அவ பொய் சொல்லுதா" என்றேன். "நான்தான் குடிக்க விடல. பாட்டில் என் பையில இருக்கு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே கீழே இறக்கியாகவேண்டும், அதுதான் வைத்தியம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி: "நீங்க இருங்கம்மா. இவங்கள நான் கூட்டிட்டுப் போறேன். மத்தவங்க இங்கன இருக்காங்க, நாளைக்கு அவங்ககூட எறங்கி வாங்க. ஒரு ராத்திரிதான? உங்க பந்தயம் கெட வேண்டாம்."

"ஆமா மதினி, இருங்க. நான் ஒண்ணும் செத்துர மாட்டேன்" என்றாள் அவள்.

பொய் எழுத மாட்டேன், யோசித்தேன். என் ஷூ லேஸைக் கட்டும் நேரம் வரை யோசித்தேன். என் வீட்டை, காலையில் ஆபீஸ் வாசலில் இறங்கும்போது சட்டென்று அடங்குகிற பேச்சுச் சத்தத்தை, சென்னையில் அந்த ஃப்ளாட்டின் பால்கனியை. பிறகு தரையில் உட்கார்ந்து சுகுணாவின் காலை மடியில் எடுத்து வைத்து அவள் லேஸையும் கட்டினேன். எங்கள் பக்கம் மூத்தவள் இளையவள் காலைத் தொடுவதில்லை. "மதினி, காலத் தொடாதீய" என்று இழுத்தாள். "ஆடாம இரு" என்றேன்.

வழியெல்லாம் ஆக்ஸிஜன் குழாய் அவள் மூக்கில், தலை என் மடியில். வாந்தி வராதபடி மூடி மூடியாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு பாறைக்குப் பின்னால் சால்வையை விரித்துப் பிடித்தேன். அவள் முடித்ததும் "நீங்க போங்க, நான் பிடிக்கேன்" என்றாள். நிற்கவே முடியாதவள், பாறையில் சாய்ந்துகொண்டு பிடித்தாள். போனேன். திறந்தவெளியில், ஆற்றைப் பார்த்துக்கொண்டு. ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இங்கே டிரிப் ஏற்றினார்கள். டாக்டரம்மா என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். "இன்னும் ஓர் இரவு மேலே இருந்திருந்தால்" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இன்று காலை கண் விழித்ததும் சுகுணாவின் முதல் கேள்வி: "இங்க இட்டிலி கிடைக்குமா?" சிரித்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

திட்டத்தில் இரண்டு இரவு. நான் இருந்தது ஒன்று. தோற்றுவிட்டேன். அதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 24. கோவில்பட்டி

வந்ததும் கிருஷ்ணகுமாருக்குப் போன் போட்டேன். "பாதியில திரும்பிட்டேன். தேதி சொல்லு."

"அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்கம்மா."

"அவ என்ன சொன்னாலும் ரெண்டு ராத்திரி ஒண்ணாகாது. ஒண்ணு ரெண்டாகாது."

"அம்மா, அன்னைக்கு ஏதோ வெளையாட்டுக்குப் பேசினது…"

"நான் வெளையாட்டுக்குப் பேசி நீ எப்பப் பாத்த?"

வைத்துவிட்டேன். எனக்கு இரங்கி ஒருவன் விட்டுக்கொடுத்து, அந்தச் சலுகையில் என் வீட்டில் நான் இருப்பதா? இரவு செய்தி அனுப்பினான்: அக்டோபர் 5.

செப்டம்பர் 30

பாத்திரங்கள் கட்டியாயிற்று. வீட்டு வேலைக்கு வரும் ஆவுடைத்தாய் அழுதுகொண்டே கட்டினாள், அதனால் முடிச்சு எல்லாம் தளர்வு. மறுபடி கட்டச் சொன்னேன். ஆபீஸில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை சொல்வேன்.

அக்டோபர் 1

சொல்லவில்லை.

அக்டோபர் 5

கிருஷ்ணகுமார் காரில் வந்தான். பின்னால் லாரி வரும் என்று வாசலைப் பார்த்தேன். வரவில்லை. சுகுணாவும் கழுகுமலை பஸ்ஸில் காலையிலேயே வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

இலை போட்டேன். முதல் சோறு சாப்பிடும்போதே தொடங்கினான். வழக்கமாக முடித்த பிறகுதான் பேசுவான்.

"அம்மா, ஒரு சிக்கல். ஃப்ளாட்ட வாடகைக்கு விட்டுட்டேன்."

"என்னது?"

"போன வாரம். ரெண்டு வருசத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. நல்ல பார்ட்டிம்மா, விட மனசில்ல."

"என்னக் கேக்காமயா? வாக்குக் குடுத்து, பெட்டி கட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். தேதி சொன்னவன் நீ! மூட்டையெல்லாம் ரெண்டு தடவ கட்டியிருக்கு. உனக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?"

தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். "தப்புதாம்மா. ரெண்டு வருசம் நீங்கதான் பொறுத்துக்கணும்."

சமையலறையில் சுகுணா இருமினாள். ஜலதோஷ இருமல் இல்லை. அதைத் தொடர்ந்து கூடத்தில் கயிறு அறுக்கும் சத்தம் கேட்டது. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் ஆவுடைத்தாய் மூட்டையைப் பிரிக்கிறாள்.

"வாடகைக்கு வந்தவர் பேர் என்ன?" என்றேன்.

சோற்றைப் பிசைந்தான். இன்னும் கொஞ்சம் பிசைந்தான். "பாண்டியராஜன்."

"என்ன வேலை?"

"பேங்க்ல."

இந்த வீட்டில் பொய் சொன்ன பிள்ளைக்கு அந்த வேளைச் சோறு கிடையாது. அவனுக்கு அது நன்றாகத் தெரியும், இரண்டு முறை பட்டினி கிடந்திருக்கிறான். எந்த பேங்க் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.