ரானுயி வீட்டில் முதல் பால்

சனிக்கிழமை இரவு

கடவுளை நம்பாத நான், நாளை ரானுயியில் வாங்கிய என் புது வீட்டில் நானே பால் காய்ச்ச வேண்டும் என்று ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறேன்? தெரியவில்லை.

மாலையில் அண்ணி தொலைபேசியில் அழைத்தார். "நீர் கலியாணம் கட்டேல்லை. பாலை இவரும் நானும் காய்ச்சுறம். நீர் பக்கத்திலை நில்லும், என்ன?"

"ஹெஸ்தியாவும் கட்டேல்லை, அண்ணி."

"ஆரது? உம்மோடை வேலை செய்யிற பிள்ளையோ?"

"கிரேக்கரின்ரை அடுப்புத் தெய்வம்."

"அது அவையின்ரை வீட்டிலை!"

பல்கலைக்கழகத்தில் படித்தது. பெண் கேட்டு வந்த இரண்டு தேவர்களையும் மறுத்தவள் அவள். அதன் பிறகுதான் எல்லா வீட்டு அடுப்பும் அவளுடையதானது. படையலில் முதல் பங்கும் அவளுக்கே. நானும் தள்ளி நிற்கப்போவதில்லை. அண்ணனும் அண்ணியும் கோபித்துக்கொண்டு வராமல் விட்டால்... விடட்டும்.

ஞாயிறு

வந்தார்கள். அடுப்பை நானே போட்டேன். பால் பொங்கி, அடுப்பில் வழிந்தது கருகியதும் புகை அலாரம் அலறியது. அண்ணி கதிரையில் ஏறி, சேலைத் தலைப்பால் விசிறி அதை அடக்கினார். இறங்கியதும், முதல் கிண்ணத்தை அண்ணனுக்குக் கொடுக்கச் சொன்னார்.

அதை நான் குடித்துவிட்டு, இரண்டாவதை அண்ணனிடம் நீட்டினேன்.