வெள்ளிக்கிழமை ஊசி

9.6.1986, திங்கள்

கடையில் கூட்டம் இல்லை. மொரப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா, நான் சேலைகளைப் பிரித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “பள்ளிக்கூடம் இன்னும் தொறக்கலியா கண்ணு?” என்று கேட்டார். அடுத்த மாதம் எனக்கு இருபத்தேழு முடிகிறது. “இல்லீங்க” என்றேன். அப்படிச் சொல்லிவிடுவதுதான் சுலபம். இந்த முகத்தையும் குரலையும் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை இரண்டாவது ஊசி. முதல் ஊசியை பெங்களூர் ஆஸ்பத்திரியில் அவர்களே போட்டுவிட்டார்கள். இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. “உங்க ஊர்ல எந்த கம்பவுண்டர் வேணும்னாலும் போடலாம்” என்றார் டாக்டர். அரூரில் இருப்பவர் பச்சியப்பன். யாருக்கு என்ன வியாதி என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறவர். அவரிடம் போய் இந்த மருந்தைக் காட்டுவதா? செத்துப்போகலாம். நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

11.6.86

மூளைக்கு அடியில் ஒரு சின்ன சுரப்பி இருக்கிறதாம். பதினாலு பதினைந்து வயதில், குரல் உடைய, மீசை முளைக்க, அது உடம்புக்கு ஓர் உத்தரவு அனுப்ப வேண்டும். எனக்கு அனுப்பவே இல்லை. இதைச் சொல்வதற்கு முன் டாக்டர் காப்பித்தூள் டப்பாவை என் மூக்கருகே வைத்து, கண்ணை மூடச் சொல்லி, என்ன வாசனை என்று கேட்டார். எனக்கு வாசனை தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. மல்லி மணக்கிறது என்று மற்றவர்கள் சொன்னால் நானும் தலையாட்டுவேன். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. அவர் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டும் ஒரே கோளாறுதான், சிலருக்குச் சேர்ந்தே வரும் என்றார்.

ஊசி நிறுத்தாமல் போட வேண்டும். எத்தனை வருஷம் என்று கேட்டேன். பேனாவை மூடிக்கொண்டே “லைஃப் லாங்” என்றார்.

13.6.86, வெள்ளி

முதலாளி அப்துல் கனி பாய் ஜும்மா தொழுகைக்குப் போகும்போது கடைக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டுப் போவார். மற்றவர்களும் சாப்பிடப் போய்விடுவார்கள். குடோனில் நான் மட்டும்.

டீ போடும் பம்ப் ஸ்டவ்வில் கண்ணாடி ஊசிக்குழலையும் ஊசியையும் கொதிக்க வைத்தேன். மருந்து எண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்க வேண்டும், தொடையின் வெளிப்பக்கம்தான் போட வேண்டும், உள்ளே போனதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும், ரத்தம் வந்தால் எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் பெங்களூரில் அந்த ஆண் நர்ஸ் கற்றுக் கொடுத்தது. “ஹெதர்பேடி, ஹெதர்பேடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா?

ஊசி நுனி தோலில் பட்டதும் கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தேன். வேட்டியெல்லாம் வியர்வை. பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் பேசிக்கொண்டு திரும்பி வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தால் என்ன நினைப்பார்கள்? அந்தப் பயத்தில்தான் குத்தினேன். இந்தப் பயம் பெரிதா, அந்தப் பயம் பெரிதா என்று பார்த்து, சின்னதைத் தேர்ந்தெடுத்தேன் போலிருக்கிறது.

குத்தும் வலி ஒன்றுமில்லை. மருந்து இறங்கும் வலிதான் — தசைக்குள் யாரோ கட்டைவிரலை விட்டு அழுத்துவது மாதிரி.

15.6.86

காலை ஊன்ற முடியவில்லை. பாய் பார்த்துவிட்டார். “என்னாப்பா தீர்த்தகிரி, கால இழுத்து இழுத்து நடக்குற?”

“சைக்கிள்ல விழுந்துட்டேனுங்க பாய்.”

“பாத்துப் போவக் கூடாதா” என்று சொல்லி, தைலம் கொடுத்தனுப்பினார். அந்தத் தைலத்தை வாங்கும்போது கூசியது.

27.6.86, வெள்ளி

பின்னால் இழுத்தபோது ரத்தம் வந்தது. எண்ணெயில் சிவப்பாக ஒரு நூல். உடனே பிடுங்கிவிட்டேன். அப்படியே தள்ளியிருந்தால்? ரத்தக் குழாயில் எண்ணெய் போனால் மூச்சு அடைக்கும் என்று அந்த நர்ஸ் சொல்லியிருந்தார். குடோனில் துணி மூட்டைகளுக்கு நடுவே விழுந்து கிடந்திருப்பேன். மருந்தைக் கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி கொதிக்க வைத்து, இன்னொரு தொடையில் போட்டேன்.

இப்போது இரண்டு காலிலும் வலி.

12.7.86

அம்மா பெண் பார்த்துவிட்டாள். அதியமான்கோட்டையாம். பெரியண்ணன் என்பவரின் மூத்த மகள், பேர் காவேரி. ஆடி கழிந்ததும் போய்ப் பார்க்க வேண்டுமாம். பெரியம்மா மகள் கோவிந்தம்மா அக்காதான் முன்நின்று பேசியிருக்கிறாள்.

“இப்ப வேணாம்மா” என்றேன்.

“பின்ன எப்ப? ஊர்ல உன்கூடப் படிச்சவனுக்கெல்லாம் ரெண்டு புள்ள ஆச்சு” என்றாள் அம்மா.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

8.8.86, வெள்ளி

போட்டாயிற்று. முகத்தில் பரு வந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனாலும் பயமாக இருக்கிறது. எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தன் என் தோலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறான்.

24.8.86, ஞாயிறு

பெண் பார்த்துவிட்டு வந்தோம். காவேரி தருமபுரியில் டைப்ரைட்டிங் படிக்கிறாள். காப்பி கொடுக்கும்போது குனியாமல் நேராகப் பார்த்தாள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. பெரியண்ணன் நல்ல உயரம், மெதுவாகப் பேசுகிற மனிதர். கடையில் என்ன வேலை, மழை எப்படி என்று கேட்டார். நான் பேசும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளைப் பிடித்திருக்கிறது. இதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

தை மாதம் கல்யாணம் என்று வாயளவில் பேசி வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

7.9.86, ஞாயிறு

வெள்ளிக்கிழமை போட்ட இடம் வீங்கிவிட்டது. தொட்டால் நெருப்பு. காய்ச்சல். சரியாகக் கொதிக்க வைக்கவில்லையோ? அன்று ஸ்டவ் இரண்டு தடவை அணைந்தது. அவசரப்பட்டுவிட்டேன்.

காலை எடுத்துவிடுவார்களா?

10.9.86

எழுத இப்போதுதான் முடிகிறது. திங்கட்கிழமை காய்ச்சலில் பிதற்றியிருக்கிறேன். அம்மா போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். வீக்கத்தைப் பார்த்தாள், பக்கத்தில் பழைய ஊசித் தழும்புகளையும் பார்த்தாள். பாம்பா, மருந்தா, ஏதாவது குடித்தாயா என்று கேட்டுக் கேட்டு அழுதாளாம். வாடகைக் காரில் தருமபுரிக்குக் கொண்டுபோய், டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். வெளியே வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுரப்பி, ஊசி, பெங்களூர், எல்லாம்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “எனக்குத் தெரியும்டா. உனக்குப் பதினாறு வயசு இருக்கறப்பவே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? கேக்கத்தான் வாய் வரல.”

பத்து வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இதை ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

14.9.86

நேற்று அம்மா பேசியது வேறு மாதிரி. “ஊசி போட்டா எல்லாம் சரியாயிரும்னு டாக்டரு சொல்றாருல்ல? அப்புறம் என்னா? பொண்ணு வூட்டுக்கு ஒண்ணும் சொல்லாத. கல்யாணம் ஆயிட்டா எல்லாம் தானா அமைஞ்சிரும்.”

“கொழந்த பொறக்க வேற ஊசி போடணும்மா. அது பலிக்குமா பலிக்காதான்னு டாக்டருக்கே தெரியல.”

“ஊர்ல கொழந்த இல்லாத வூடு ஒண்ணுமே இல்லியா? அவங்கல்லாம் சொல்லிட்டா கட்டுனாங்க?”

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. சொல்லாமல் இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி. இருந்துவிடலாமா? காவேரி ஒருநாள் போர்வையை விலக்கி இந்தத் தழும்புகளைப் பார்ப்பாள். அப்போது அவளுக்குப் போக்கிடம் இருக்காது. எனக்கு ஊசிக்குழல் இருக்கிறது, பெங்களூர் இருக்கிறது, அம்மா இருக்கிறாள். அவளுக்கு?

23.9.86, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கால் புண்ணை டாக்டரிடம் காட்டப் போவதாகப் பாயிடம் சொல்லிவிட்டு தருமபுரி போனேன். டைப்ரைட்டிங் முடிந்து காவேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். கூட ஒரு தோழி. என்னைப் பார்த்ததும் தோழியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், “எனக்கு மல்லிப்பூ வாசம் தெரியாதுங்க” என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். பிறகு எல்லாம் சொன்னேன். சேலம் பஸ் ஒன்று பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றதால் உரக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எங்கம்மாவுக்கு. இப்ப உங்களுக்கு.”

“கொழந்த?”

“பொறக்கலாம். பொறக்காமயும் போலாம். டாக்டரு உறுதி சொல்லலீங்க.”

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். “வலிக்குமா அந்த ஊசி?” என்று கேட்டாள். இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. அம்மாகூடக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. ஆனா யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

28.9.86

தகவல் இல்லை. அரூரில் யாராவது இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது. இன்று பச்சியப்பன் கடைக்கு வந்து துண்டு எடுத்தார். என்னைப் பார்த்தே பேசினார். தெரிந்துவிட்டதோ? துண்டை மடித்துக் கொடுத்துவிட்டுக் குடோனுக்குள் போய்விட்டேன்.

2.10.86

பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். அதியமான்கோட்டையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன் என்று புரிந்துகொண்டாள். சோறு போட்டாள்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

7.10.86

கோவிந்தம்மா அக்கா வந்திருந்தாள். அக்காவுக்கு என் விஷயம் தெரியாது. அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து உட்கார முடியவில்லை. “டைப்ரைட்டிங் போற எடத்துல எவனோ இருக்கானாம்டா. இல்லேன்னா வெத்தல மாத்துனதுக்கு அப்புறம் எந்தப் பொண்ணு காரணம் சொல்லாம வேணாங்கும்? ஊரே பேசுது. அவங்கப்பன் படிப்ப நிறுத்திட்டானாம், அடிச்சானாம். நல்லவேள, நாம தப்பிச்சோம்.”

அடித்தாராம். அவள் அப்போதும் சொல்லவில்லை.

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

9.10.86

ஒரு வார்த்தை சொன்னால் அவள் பேர் சுத்தமாகிவிடும். அந்த வார்த்தை என்னுடையது. அதைச் சொன்னால் என் பேர் என்ன ஆகும்? அதியமான்கோட்டை என்ன, அரூருக்கும் தெரிந்துவிடும். சேலை எடுக்க வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள். கடைக்கு எப்படிப் போவேன்?

கடிதம் போடலாமா? வேண்டாம். யாராவது பிரித்துப் படிப்பார்கள். அதுவும் இல்லாமல், அடியை அவள் நேரில்தான் வாங்கினாள்.

12.10.86, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

அதியமான்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரமாகவே வாந்தி எடுத்தேன். ஊசிக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது. பெரியண்ணன் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. “என்னாப்பா, நியாயம் கேக்க வந்தியா?”

“இல்லீங்க. உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. கொற என்கிட்டத்தான்.”

நின்றபடியே சொன்னேன். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். வாசற்படியில் காவேரி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது.

“இத அவ சொல்லியிருக்கலாமே” என்றார்.

“எனக்காகத்தான் சொல்லலீங்க.”

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிவிட்டு என் பக்கம் வந்தார். இப்போது என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

“சாப்ட்டியா?” என்றார்.

“இல்லீங்க.”

“வா.”

களியும் அவரைக் குழம்பும். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். “பொண்ணு பேர ஊர்ல நான் பாத்துக்கறேன். ஜாதகம் ஒத்து வரலேன்னு நாந்தான் நிறுத்துனேன்னு சொல்லிக்கிறேன். உன் விசயம் என்னோட இருக்கட்டும்” என்றார். பஸ் வந்ததும், “ஊசிய விட்றாத” என்றார்.

17.10.86, வெள்ளி

ஊசி நாள். காலையிலேயே வீட்டில் போட்டுக்கொண்டேன். அம்மாதான் தண்ணீர் கொதிக்க வைத்தாள். பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “ஆச்சா? ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

22.1.1987, வியாழன்

கடையில் கல்யாணக் கூட்டம். மத்தியானம் பெரியண்ணனும் அவர் வீட்டம்மாவும் காவேரியும் கடைக்குள் வந்தார்கள். அரூர்வரை வந்து துணி எடுக்க அவர்களுக்குத் தேவையே இல்லை. தருமபுரியில் இல்லாத கடையா? பாய் வேறு ஆளைக் கூப்பிட்டார். “வேணாங்க. அந்தத் தம்பியே எடுத்துப் போடட்டும். என் பொண்ணுக்கு முகூர்த்தச் சேல” என்றார் பெரியண்ணன்.

மாப்பிள்ளை சேலத்தில் மின்சார வாரியத்தில் வேலையாம். அவளுக்குப் பிடிக்குமா என்று நினைத்து நினைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசியில் அரக்குச் சிவப்பில் மெல்லிய கரை போட்ட ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்தாள். பெரியவர்கள் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சேலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்: “ஊசி?”

“போட்டுக்கறேங்க. நாளைக்கு நாள்.”

“வலி?”

“அதே வலிதாங்க.”

தலையாட்டினாள். “எனக்குக் கொழந்த வேணுங்க. அதனாலதான். வேற ஒண்ணும் இல்ல.”

“தெரியுங்க.”

அந்தச் சேலையையே எடுத்துக்கொண்டார்கள். நானே மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

அவர்கள் போனதும், “யாருப்பா அவங்க? உன்னத் தேடிகிட்டு வந்திருக்காங்க?” என்று கேட்டார் பாய். கடை நிறைய ஆள் இருந்தது.

“எனக்குப் பாத்து நின்னுபோன பொண்ணுங்க பாய்” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த சேலையைப் பிரித்தேன்.