நன்று, தொடர்ந்து எழுதவும்

குன்றத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மோகனுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் உன் தங்கச்சி பிரவீனாவும் சௌக்கியமா இருக்கோம், அந்தப் போலந்துக் குளிர்ல உன் உடம்பும் நல்லா இருக்கணும்னு தினம் வேண்டிக்கிறேன். மேல் வூட்டு வானமாமலை சார் கம்பெனி வேலையா உங்க ஊருக்கு வர்றார், பருப்புப்பொடியும் இந்தக் கடுதாசியும் அவர்கிட்ட கொடுத்தனுப்பறேன். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆனா பேக்கரிப் பக்கம் போறதை மட்டும் விடலை, கேட்டா வாக்கிங்னு சொல்றார். பிரவீனாவுக்கு இந்த மாசம் ஓவர்டைம் ஜாஸ்தி, கம்பெனி பஸ்ல தூங்கிக்கிட்டே ரெண்டு தடவை நம்ம ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டா.

போன்ல சொல்ல வாய் வராத விஷயம் ஒண்ணு இருக்குப்பா. நான் பாடம் எடுக்கிற பொண்ணுங்க நூத்திநாப்பது பேரும் ஒரகடம் ஃபேக்டரிங்கள்ல வேலை பார்த்துக்கிட்டே டிப்ளமோ படிக்கிறவங்க, வாரம் ஆளுக்கு ஒரு பக்கம் தமிழ்ல டைப் பண்ணி அனுப்புவாங்க, நான் படிச்சு ஓரத்துல குறிப்பு எழுதணும். கண்ணு வலிக்குதுன்னு நான் புலம்பினதைக் கேட்டு பொங்கலுக்கு வந்தப்ப நீதான் குறுக்குவழி போட்டுக் கொடுத்தே. மூணு கீயைச் சேர்த்து அமுக்கினா குறிப்புப் பெட்டி திறக்கும், வி1னு அடிச்சு ஸ்பேஸ் தட்டினா "விவரம் போதாது, விரிவாக எழுதவும்"னு முழு வரியும் வந்து விழும். ப1னா "பத்தி பிரித்து எழுதவும்." ந1னா "நன்று, தொடர்ந்து எழுதவும்." ரெண்டு நாள் வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. எனக்கே பெருமையா இருந்துச்சு, ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் செஞ்சு காட்டினேன். பக்கத்தோட நீளத்தைப் பார்த்தே எந்தக் கீன்னு விரல் முடிவு பண்ண ஆரம்பிச்சுது, படிக்கிறதை நான் எப்போ நிறுத்தினேன்னு எனக்கே தெரியலை.

போன வாரம் கனகம்னு ஒரு பொண்ணு கிளாஸ் முடிஞ்சதும் வந்து நின்னுச்சு. அது ரூம்ல கூட இருக்கிற அமலா பையைக் கட்டிட்டா, படிப்பை விட்டுட்டுத் தென்காசிக்கே போறேங்கிறான்னு சொல்லிச்சு. பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை. நான் அமலாவோட பக்கங்களைத் திறந்து அன்னிக்குத்தான் படிச்சேன். முதல் வாரம் நாலே வரி, நின்னுக்கிட்டே வேலை பார்க்க முடியலை, கண்ணு இருட்டுதுன்னு. நான் வி1 போட்டிருக்கேன். அந்தப் பொண்ணும் விரிவா எழுதியிருக்கு, லைன்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்தது, லீவு கேட்டா சூப்பர்வைசர் வேலையை விட்டுட்டுப் போன்னது, வேலை போனா படிப்பும் போயிடுமேங்கிற பயம், எல்லாம் ஒரே பத்தியா. நான் ப1. மூணாவது வாரம் அதையே ஒழுங்கா நாலு பத்தியாப் பிரிச்சு, கடைசியில "மிஸ் இதை நீங்க படிக்கிறீங்களான்னு தெரியலை"ன்னு ஒரு வரி. அதுக்குப் பக்கத்துல நான் போட்டிருக்கேன், நன்று, தொடர்ந்து எழுதவும்.

பிரவீனா வண்டியில பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலுக்குப் போனேன். அமலா கோபப்படலை, நீங்க சொன்னபடிதானே மிஸ் எழுதினேன்னு கேட்டா, நான் அங்கேயே அழுதுட்டேன். வாலாஜாபாத்ல டாக்டர்கிட்ட காட்டினா ரத்தத்துல ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கு, பன்னெண்டு இருக்கணுமாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதணும்னு பிரின்ஸ்பால்கிட்ட கேட்டேன், அவர் நமக்கெதுக்கும்மா வம்புன்னார். அந்த மூணு பக்கத்தையும் என் குறிப்போட அப்படியே பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில வச்சேன். மானம் போச்சு, போகட்டும். படிச்சுட்டு லெட்டர்ல கையெழுத்துப் போட்டார். கம்பெனியும் ஒத்துக்கிச்சு, நாளையிலேருந்து அவளுக்கு செக்கிங் டேபிள்ல ஸ்டூல் போட்ட வேலை. பையைப் பிரிச்சுட்டேன் மிஸ்னு நேத்து மெசேஜ் அனுப்பினா.

உன் மேல தப்பில்லைப்பா, பெட்டி திறக்கிற கீயை இன்னும் வச்சிருக்கேன், அந்த மூணு வரியை மட்டும் அழிச்சுட்டேன். மறுபடி ரெண்டு நாள் ஆகுது, அப்பா முணுமுணுத்துக்கிட்டே டீ போட்டுத் தர்றார்.

நேத்து நம்ம மெசேஜையும் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ரெண்டு மாசமா தினம் "நல்லா இருக்கேன்மா, சாப்ட்டேன், பிஸி"ன்னு ஒரே வரி. நானும் தினம் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுட்டுப் போயிருக்கேன். ஒரு நாள்கூட எதுவும் கேட்கலை.

குல்லா போடாம வெளியே போகாதே, ஒரு குறையும் இல்லாம நல்லா இரு, எங்க ஆசீர்வாதம் எப்பவும் உனக்கு உண்டு. வானமாமலை சார் திரும்பி வர்றப்போ ஒரு பக்கமாவது எழுதிக் கொடுத்தனுப்பு. விவரம் போதாது மோகன், விரிவாக எழுதவும். இதை நான் கையால எழுதறேன்.

உன் அம்மா,
ராஜலட்சுமி